டோக்கியோ தீக்குண்டு வீச்சு (1945)

இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டில், 1945 மார்ச் 9 நள்ளிரவை ஒட்டித் தொடங்கி 10 அதிகாலை வரை, ஜப்பானின் தலைநகர் மீது அமெரிக்க வான்படை நடத்திய தாக்குதல் டோக்கியோ தீக்குண்டு வீச்சு எனப்படுகிறது. ஒரே இரவில் ஏறத்தாழ 1,00,000 பேர் மாண்டனர். 10 லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தனர். வரலாற்றிலேயே மிகக் கொடிய வான் தாக்குதல்களுள் ஒன்றான இது, ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சுகள் அளவுக்கு உலகில் அறியப்படவில்லை.

பசிபிக் பெருங்கடலின் மரியானா தீவுகளிலிருந்து புறப்பட்ட அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் முதலில் பெரும்பாலும் பகலில், மிக உயரத்திலிருந்து ஆலைகளைத் தாக்கின. மேகமும் கடுங்காற்றும் குறியைத் தவறச் செய்தன. 1945 ஜனவரியில் பொறுப்பேற்ற தளபதி கர்ட்டிஸ் லெமே, இரவில் தாழப் பறந்து குடியிருப்புகளை எரிக்கும் முறைக்கு மாறினார். இதற்கான எம்-69 குண்டில் நேபாம் என்னும் எரிகூழ் நிரப்பப்பட்டிருந்தது. அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் ஜப்பானிய பாணி மர வீடுகளைக் கட்டி, 1943-லேயே அதைச் சோதித்திருந்தனர்.

சுமிதா ஆற்றை ஒட்டிய அசாகுசா, ஹொன்ஜோ, புகாகாவா பகுதிகளில் உழைக்கும் மக்கள் நெருக்கமான மர வீடுகளில் வாழ்ந்தனர். 279 விமானங்கள் சுமார் 1,665 டன் குண்டுகளை வீசின. அன்றிரவு வீசிய பலத்த காற்றில் தனித்தனித் தீக்கள் ஒன்றுகூடி, 41 சதுர கிலோமீட்டர் பரப்பு எரிந்தது. குண்டு விழுந்தால் ஓடாமல் தீயை அணைக்க வேண்டும் என்று வான்காப்புச் சட்டம் மக்களைக் கட்டாயப்படுத்தியிருந்தது. வாளித் தண்ணீர் நேபாமை அணைக்கப் போதவில்லை. தலையைக் காக்க அணிந்த பஞ்சு முக்காடுகளில் தீப்பொறி பற்றியது. கொதொதொய் பாலத்தில் இரு கரையிலிருந்தும் வந்த கூட்டம் நெருக்கிக்கொண்டு நகர முடியாமல் எரிந்தது.

இவ்வழிவு பொது நினைவில் மங்கியதற்குப் பல காரணங்கள் உண்டு. ஐந்தே மாதங்களில் வீசப்பட்ட அணுகுண்டுகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் செய்திகளைத் தணிக்கை செய்தது. ஜப்பானிய அரசு முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் ஓய்வூதியம் வழங்கியது. ஆனால் குண்டுவீச்சில் பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்கு இழப்பீடு தரவில்லை. உயிர் பிழைத்தோரும் உறவினரும் 2007-இல் தொடுத்த வழக்கை 2013-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஜப்பானின் புதிய வான்படையை உருவாக்க உதவியதற்காக 1964-இல் லெமேக்கு அந்நாட்டு அரசே உயர் விருது அளித்தது.

டோக்கியோ நகராட்சி திட்டமிட்ட அமைதி அருங்காட்சியகம் 1999-இல் கைவிடப்பட்டது. மக்கள் நன்கொடையால் 2002-இல் கோத்தோ வட்டாரத்தில் ஓர் ஆவண மையம் திறக்கப்பட்டது. யோகோஅமிச்சோ பூங்கா நினைவு மண்டபத்தில், 1923-இல் டோக்கியோ பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் இறந்தோரின் அஸ்தியுடன் டோக்கியோ வான் தாக்குதல்களில் இறந்த சுமார் 1,05,000 பேரின் அஸ்தியும் வைக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் மார்ச் 10 அன்று அங்கு நினைவு வழிபாடு நடைபெறுகிறது.