அவருக்கும் தெரியட்டும்

கம்பத்திலிருந்தோ போடியிலிருந்தோ நம் வீட்டுப் பெரியவரைக் கானாவிலக்கு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். நோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும் மருத்துவரைத் தனியே பார்த்து, "அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம் டாக்டர்" என்கிறோம். பாசத்தால்தான் சொல்கிறோம். இந்தத் தயக்கம் இன்று நேற்று வந்ததல்ல.

1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் மருத்துவர்களுக்கு ஓர் ஒழுங்கு வகுத்தது. நோயாளியைப் பார்க்கப் போனால், முதலில் ஆன்ம மருத்துவரான குருவை அழைக்கச் சொல்ல வேண்டும். காரணத்தையும் சங்கம் எழுதிவைத்தது: படுக்கையில் கிடப்பவரிடம் 'ஆன்மாவைக் கவனியுங்கள்' என்று மருத்துவர் சொன்னால், சிலர் நம்பிக்கை இழந்துபோகிறார்கள். எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டால் அந்த அதிர்ச்சி இராது. ஆனாலும் அச்சம் நீங்கவில்லை. நம் ஊர்களிலும் 'அவஸ்தைப்பூசுதல்' என்றாலே கடைசி நேரம் என்றாயிற்று. நினைவு தப்பும்வரை குருவைக் கூப்பிடத் தயங்கினோம். அதை 'நோயில்பூசுதல்' என்பதே பொருத்தம் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது.

மருத்துவர்களும் தயங்கினார்கள். 1961இல் சிகாகோவில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, நூற்றுக்கு 90 பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை. 1979இல் அமெரிக்க மருத்துவர்களிடம் மறுபடி கேட்டபோது, நூற்றுக்கு 97 பேர் சொல்வதையே விரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் சிகிச்சை வளர்ந்தது. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலியைத் தணித்தார், சாகும் நிலையில் இருப்பவர் பேசுவதை உட்கார்ந்து கேட்டார். குணமாக்க முடியாதபோதும் செய்ய வேண்டியது நிறைய உண்டு என்று காட்டினார். கொடுக்க ஏதேனும் கையில் இருந்தால்தான் உண்மையைச் சொல்லவும் துணிவு வரும்.

குமுளிக்கு அப்பால், கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் இத்தகைய வலி தணிப்புப் பணி தொடங்கியது. நம் மாநிலத்தில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தப் பராமரிப்பை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

பல வேளைகளில், படுத்திருப்பவருக்கு அவர் உடலே முன்பாகச் சொல்லிவிடுகிறது. அவர் நமக்காக மறைக்கிறார். நாம் அவருக்காக மறைக்கிறோம். பேச்சுவார்த்தை இல்லாத தம்பியைக் கூப்பிட்டனுப்ப, நிலப் பத்திரத்தை முடிக்க, பேத்தியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டிய நாட்கள் வீணாய்ப் போகின்றன. எனவே இனி மருத்துவரிடம் இப்படிச் சொல்வோம்: "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள், டாக்டர். நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம்."