நகலின் நகல்

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு நாவலாசிரியன், கதை எழுதவென்று வாங்கிய கம்ப்யூட்டரின் முன்னால் இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, சட்டை போடாத ஒரு சிப்பாயை அருவியின் உச்சிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறான் என்றால் வாசகர்கள் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தச் சிப்பாய்க்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும்கூட ஒரு சிறு பங்கு உண்டு.

நான் பண்ருட்டிக்காரன். பலாப்பழமும் முந்திரியும் கொலு பொம்மையும் விற்கிற ஊர். என் பெரியப்பா நெய்வேலியில் சுரங்கத் தொழிலாளி. 1957 மே 20-ஆம் தேதி ஜவஹர்லால் நேரு தொடங்கி வைத்த சுரங்கம் அது. தோண்டித் தோண்டி 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. சுரங்கத்தை ஒட்டி வட்டம் வட்டமாக ஒரு நகரியம் எழுந்தது. அங்கே மாதச் சம்பளம் உண்டு, போனஸ் உண்டு. போனஸ் வந்தால் வீட்டுக்கு ஒரு புதுச் சாமான் வரும். 1993-இல் பெரியப்பா வீட்டுக்கு அப்படி வந்தது ஒரு 'டி.வி. கேம்'.

கோடை விடுமுறை விட்டதும் நான் பஸ் ஏறிவிடுவேன். பெரியப்பா மகனான அண்ணனும் நானும் டி.வி.க்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், பெரியம்மா சோற்றுத் தட்டோடு வந்து திட்டும் வரையில் எழுந்திருக்க மாட்டோம். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருந்தவையோ விரல் விட்டு எண்ணக்கூடிய சில விளையாட்டுகள். பெயரை மாற்றி மாற்றி அவையே திரும்ப வரும். வியாபாரியின் கணக்கு அப்படி! ஆனாலும் நாங்கள் பொறுமையாகப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனோம். 4000-க்கு மேலே ஏதோ அதிசயம் ஒளிந்திருக்கிறது என்று அண்ணன் உறுதியாக நம்பினார்.

இந்த விளையாட்டுப் பெட்டியின் பூர்வோத்தரம் எனக்கு வெகு காலம் கழித்தே தெரிந்தது. ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் 1889-இல் சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பித்த கடைதான் நிண்டெண்டோ. அந்தக் கம்பெனிக்காக மசாயுகி உயேமுரா என்ற எஞ்சினீயர் வடிவமைத்த 'ஃபேமிகாம்' 1983 ஜூலை 15-ஆம் தேதி 14,800 யென் விலைக்கு வெளிவந்தது. அதன் மூளை வினாடிக்குச் சுமார் 18 லட்சம் முறை துடிக்கும். வேலை செய்யும்போது நினைவில் வைத்துக்கொள்ள அதற்கு இருந்த இடம் 2 கிலோபைட். நான் எழுதும் இந்தக் கட்டுரையின் ஒரு பத்தியைக் கொடுத்தால் அந்த இடம் நிரம்பிவிடும். அந்தச் சிறு இடத்துக்குள்ளேதான் அருவியும் சிப்பாயும் துப்பாக்கிக் குண்டும் எங்கள் கோடை விடுமுறைகளும் அடங்கியிருந்தன.

ஆனால் நாங்கள் வைத்திருந்தது ஃபேமிகாம் அல்ல. அதைப் பார்த்துச் செய்த நகல். தைவானில் அந்த மூளையைப் பிரதி எடுத்தார்கள். அந்த நகல்கள் உலகம் முழுதும் பரவின. ருஷ்யாவில் 'டெண்டி' என்றும், போலந்தில் 'பெகாசஸ்' என்றும், நம் நாட்டில் 'சாமுராய்', 'லிட்டில் மாஸ்டர்' என்றும் பெயர் சூட்டிக்கொண்டன. எங்கள் பக்கத்தில் அசலை நான் கண்ணால் கண்டதே இல்லை. எங்களுக்கு நகல்தான் அசல்.

அந்தப் பெட்டியும் ஒரு நாள் செத்துப்போயிற்று. பெரியம்மா அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. ஒரு யந்திரம் இன்னொரு யந்திரத்தைப் போல நடிக்க முடியும் என்பதை 1960-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1964 ஏப்ரல் 7-ஆம் தேதி ஐ.பி.எம். கம்பெனி '360' என்ற புது வரிசையை அறிவித்தபோது, பழைய '1401' யந்திரத்துக்கு எழுதிய கணக்குகளை வாடிக்கைக்காரர்கள் தூக்கி எறியத் தயாராக இல்லை. புது யந்திரமே பழையதைப் போல பாவனை செய்யும்படி ஏற்பாடு செய்தார்கள். எமுலேட்டர் என்ற சொல் அங்கே பிறந்தது. கூத்தில் ராஜபார்ட் கட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ராஜா அல்ல. ஆனால் ராஜா என்ன பேசுவார், எப்படி நடப்பார் என்பது அவருக்கு அத்துப்படி. எமுலேட்டரும் அப்படித்தான். பழைய மூளைக்கு இட்ட ஒவ்வொரு கட்டளையையும் படித்து, அது என்ன செய்திருக்குமோ அதையே செய்து காட்டுகிறது. மராத் ஃபைசுலின் என்பவர் எழுதிய 'ஐநெஸ்' 1996-இலும், 'நெஸ்டிகிள்' 1997 ஏப்ரலிலும் வெளிவந்தன. வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் செத்த யந்திரம் மறுபடி மூச்சு விட்டது.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம். என் நாவல் ஒன்றை யாரோ பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, இலவசமாக ஊரெல்லாம் அனுப்பியபோது, திருட்டு என்று கோபப்பட்டவன் நான். நகலெடுத்த விளையாட்டுக்கு மட்டும் நான் எந்த முகத்தோடு நியாயம் பேசுவது?

சட்டம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. சோனி கம்பெனி கனெக்டிக்ஸ் மீது தொடுத்த வழக்கில், பாவனை யந்திரம் செய்வதற்காக அசலை ஆராயும்போது இடையில் பிரதி எடுத்தது குற்றமாகாது என்று 2000-இல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிற்று. விளையாட்டையே நகலெடுத்து ஊருக்கு வழங்குவது வேறு சங்கதி. ஆனால் சட்டத்துக்கு அப்பாலும் ஒரு கேள்வி நிற்கிறது. விற்கிறவனே விற்பதை நிறுத்திவிட்டால்? 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவிகிதம் கடையில் கிடைப்பதில்லை என்று 2023-இல் அங்கேயே ஓர் ஆய்வு சொன்னது.

ஓலைச்சுவடியை நினைத்துப் பார்க்கிறேன். செல் அரிப்பதற்கு முன் யாரோ ஒருவர் புது ஓலையில் பிரதி எடுத்தார். அது கெடுவதற்கு முன் இன்னொருவர். அப்படி வந்த பிரதிகளை ஒப்பிட்டுத்தான் உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். கவிஞர் தம் கையால் எழுதிய ஓலை எங்கே? நாம் படிப்பதெல்லாம் நகலின் நகல்தானே! என் முதல் சிறுகதை வெளிவந்த பத்திரிகை நின்றுபோய்விட்டது; என்னிடமும் பிரதி இல்லை. எங்கோ ஒரு வாசகர் எடுத்து வைத்திருந்த ஜெராக்ஸ்தான் இன்று அந்தக் கதைக்கு இருக்கிற ஒரே உயிர். அவரை நான் எப்படித் திருடர் என்பேன்? கடையில் இருக்கும் புத்தகத்தை நகலெடுப்பது எழுதியவன் வயிற்றில் அடிப்பது. எங்கும் கிடைக்காத புத்தகத்தை நகலெடுத்து வைப்பது எழுதியவனுக்குச் செய்யும் உபகாரம். இதுதான் என் தீர்ப்பு. வக்கீல்கள் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம்.

தீர்ப்புச் சொன்னவன் அதன்படி நடக்க வேண்டாமா? 'கான்ட்ரா' என்ற அந்தச் சிப்பாய் விளையாட்டைக் கொனாமி கம்பெனி 2019-இல் ஒரு தொகுப்பாக மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கினேன். வேடிக்கை என்னவென்றால், சொந்தக்காரர்களே விற்கும் அதற்குள்ளும் ஓடுவது பாவனைதான்!

கான்ட்ரா இருவர் சேர்ந்து ஆடுவது. அருவி கட்டத்தில் ஒருவன் வேகமாக ஏறினால் திரை அவனோடு மேலே போய்விடும். கீழே தங்கினவன் செத்துப்போவான். 1993-இல் அண்ணன்தான் எப்போதும் முன்னால் ஏறுவார். எப்போதும் நான்தான் சாவேன்.

தாத்தாவின் முந்திரித் தோப்பைப் பாகம் பிரித்ததில் அண்ணனும் நானும் ஏழு வருஷம் பேசவில்லை. போன பலாப்பழக் காலத்தில், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அவரே வந்தார். தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. என் மேஜைப் பக்கம் திரும்பியவர், திரையில் நின்ற சிப்பாயைப் பார்த்துவிட்டார்.

"டேய், அதுதானா இது?"

"அதேதான்ணே."

"முப்பது உயிரு வருமே, அது வருமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் விரல் விசைப்பலகைக்குப் போய்விட்டது. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. கொனாமியில் கஜுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர், 1986-இல் வேறொரு விளையாட்டைச் சோதிக்கும்போது, தமக்கே அது கஷ்டமாக இருந்ததனால் வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது. அவர் 2020-இல் காலமானார். நெய்வேலியில் ஒரு சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பையனின் விரல் அதை முப்பது வருஷமாக மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அருவிக்கு வந்தோம். அண்ணனுக்கு இப்போது கண்ணாடி; கையும் பழைய வேகத்தில் இல்லை. பாதியில் பின்தங்கிவிட்டார். நான் ஏறுவதை நிறுத்தினேன்.

"என்னடா நின்னுட்டே?"

"நீங்க வாங்கண்ணே."

அவர் வந்து சேர்ந்த பிறகு இருவருமாக மேலே ஏறினோம். தோப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசி பஸ்ஸுக்கு அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். கல்யாணம் ஆவணியில். முதல் நாளே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.