செந்தமிழ் எல்லைக்கு வெளியே: சோளிங்கர் வட்டாரப் பேச்சின் வரலாறு

தமிழில் எந்த நிலத்துப் பேச்சுக்கு மதிப்பு என்பதை உரையாசிரியர்கள் எல்லை போட்டே எழுதி வைத்தார்கள். தொல்காப்பியம் செந்தமிழையும் அதைச் சேர்ந்த பன்னிரு நிலங்களையும் பொதுவாகச் சொன்னது. இளம்பூரணர், சேனாவரையர் போன்றோர் அந்தச் செந்தமிழ் நிலத்தைக் குறுக்கினார்கள்: வையைக்கு வடக்கு, மருதையாற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு. பெரும்பாலும் சோழநாடுதான் இது. வையையின் தென்கரையில் உள்ள மதுரைகூட இந்தக் கணக்கில் வெளியே நிற்கிறது, காஞ்சிக்கும் இடமில்லை. சோளிங்கர் இருக்கும் தொண்டைமண்டலத்தின் வடபகுதியைப் பன்னிரண்டில் ஒன்றான அருவா வடதலையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அங்கே பேசுவது திசைச்சொல், அதாவது செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நிலங்களின் சொல்.

தெய்வச்சிலையார் இந்த எல்லையை ஏற்கவில்லை. வடவேங்கடத்துக்கும் தென்குமரிக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் செந்தமிழ் நிலம் என்பது அவர் கொள்கை. அப்படிப் பார்த்தால் வேங்கடத்துக்குத் தெற்கே, காஞ்சிக்கு வடமேற்கே இருக்கும் சோளிங்கரும் உள்ளே வந்துவிடும். உரைகளில் இதுவே நியாயமான வாதம். ஆனாலும் பள்ளிகளில் நிலைத்தது குறுகிய எல்லைதான். செந்தமிழ் நிலம், அதைச் சேர்ந்த பன்னிரு நிலம் என்ற பிரிவை மாணவர்களுக்குக் கொண்டு சேர்த்த இலக்கண நூல்களில் முதன்மையானது நன்னூல். அந்நூலைச் செய்வித்த சீயகங்கனோ காவிரிக்கரைக்காரர் அல்ல. கோலார்ப் பக்கத்துக் கங்கர் குலத் தலைவர். எல்லைக்கு அப்பால் இருந்தவர்களும் எல்லைக்கு உள்ளிருந்த வழக்கையே அளவுகோலாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காவிரிப் படுகைக்கு இந்த மதிப்பு சும்மா வரவில்லை. நெல் விளைச்சலும் கோயில்களும் அங்கே புலவர்களைத் தாங்கின. பிற்காலத்தில் திருவாவடுதுறை போன்ற ஆதீனங்கள் பாடம் சொல்லும் மரபைக் காத்தன. சோளிங்கர் அடங்கிய வட ஆர்க்காடோ ஏரிப் பாசனத்தை நம்பிய வறண்ட நாடு. விஜயநகர அரசர்களும் தெலுங்குப் பாளையக்காரர்களும், பின்னர் ஆர்க்காட்டு நவாப்பும் அங்கே ஆண்டதால் கச்சேரியிலும் சந்தையிலும் தெலுங்கும் உருதும் புழங்கின. நாஷ்டா, பேஜார், ஜல்தி எல்லாம் அப்படி ஊர்ப் பேச்சில் கலந்தவை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் தொழில் நடத்தியவர்களில் பலருக்கு வீட்டு மொழி உருது என்பதால் தொழிலாளர் பேச்சிலும் அது ஊறியது. தெலுங்கும் அவ்வளவு நெருக்கம்: 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை வட ஆர்க்காட்டின் தலைமையிடமே சித்தூர்தான்.

வடக்குப் பேச்சை இலக்கணம் கெட்ட பேச்சு என்று ஒதுக்குவது தவறு. கடைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பதை இங்கே "கடையாண்ட குந்திக்கினு கீறாரு" என்பார்கள். 'ஆண்ட' என்பது 'அண்டை'. 'கினு' என்பது 'கொண்டு'. 'கீறாரு' என்பது 'இருக்கிறார்'. எல்லாம் தமிழ், ஒழுங்கான திரிபு. 'பழம்' வடக்கே 'பயம்' ஆகிறது, தெற்கே 'பளம்' ஆகிறது. ழகரத்தை இழந்ததில் இரண்டும் ஒன்றே. ஏளனம் மட்டும் பெரும்பாலும் வடக்குக்கே போகிறது.

இதைவிட வியப்பானது சென்னையின் கதை. லண்டன், பாரிஸ் வட்டாரப் பேச்சுகள் அந்தந்த நாட்டின் பொது மொழிக்கு அடித்தளமாயின. சென்னையில் 1812-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வந்தது. அச்சகங்கள், பத்திரிகைகள், பல்கலைக்கழகம், வானொலி, சினிமா எல்லாம் அங்கேயே குவிந்தன. ஆனால் வட ஆர்க்காட்டுப் பேச்சோடு உறவுள்ள அந்த நகரத்தின் சொந்தப் பேச்சு தரம் பெறவில்லை. எழுதியவர்களிலும் அலுவலகங்களில் அமர்ந்தவர்களிலும் பலர் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்கள். மண்ணின் பேச்சு மூட்டை தூக்கியவர், ரிக்‌ஷா இழுத்தவர் வாயில் இருந்தது. 1958-இல் வந்த 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரராக வரும் சந்திரபாபு அதைப் பேசினார், அரங்கம் சிரித்தது. பல ஆண்டுகள் கதாநாயகனுக்கு ஒரு பேச்சு, சிரிப்பு நடிகருக்கு இந்தப் பேச்சு என்பதே ஏற்பாடாக இருந்தது. தாழ்வு ஒலியில் இல்லை, பேசியவரின் சாதியிலும் கூலியிலும் இருந்தது.

படித்தவர் பேச்சிலும் அளவுகோல் மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராமணர் பேச்சுக்கு நகரங்களில் செல்வாக்கு இருந்தது. திராவிட இயக்கம் வளர்ந்தபின் அது மேடையிலிருந்தும் திரையிலிருந்தும் விலகியது. அதன் இடத்துக்கு வந்தது, தஞ்சாவூர், திருச்சி, மதுரைப் பக்கத்துப் படித்த பிராமணரல்லாதார் பேச்சு. மொழியியலாளர் பொதுப் பேச்சுத்தமிழ் என்று விவரிப்பது பெரும்பாலும் இதையே. உரையாசிரியர்கள் குறித்த நிலத்தை இது ஏறக்குறைய மறுபடியும் தொடுகிறது.

வடக்குப் பேச்சு அச்சில் மரியாதையோடு ஏறியது அண்மையில்தான். பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் 'தகப்பன் கொடி' நாவலில் இந்தத் தோல் வட்டாரத்துத் தலித் வாழ்வை எழுதினார். சோளிங்கருக்கு மேற்கே ஓடும் பொன்னையாற்றுக்கு நீவா என்றும் பெயர். கவிப்பித்தனின் 'நீவாநதி' அந்தக் கரை மக்களின் கதை. பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி', 'மெட்ராஸ்' படங்களில் கதாநாயகனே வடக்குத் தமிழ் பேசினான். பாடநூலும் செய்தித் தமிழும் இன்னும் பழைய அளவுகோலில்தான் இருக்கின்றன: ராணிப்பேட்டைத் தொழிலாளி 'டேனரி' என்பதை நாளிதழ் 'தோல் பதனிடும் தொழிற்சாலை' என்றே அச்சிடுகிறது.