கொம்பஞ்ஞியும் சபையும்

பெரியதாழை முதலாகிய முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களில், புனித சவேரியார் சார்ந்திருந்த துறவற அமைப்பைச் 'சேசு சபை' என்பது நெடுநாள் வழக்கு. இந்நாளில் 'இயேசு சபை' என்பதே நூல்களில் பெருகியுள்ளது. எனினும் தமிழ் எழுத்தில் முதன்முதல் அச்சேறிய பெயர் இவ்விரண்டும் அன்று.

1578இல் கொல்லத்தில் அச்சாகிய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கமுடைய சிறுநூல். அதனைத் தமிழாக்கிய அண்டிரிக் அடிகளார், புன்னைக்காயலிலிருந்து இக்கடற்கரையில் நெடுங்காலம் பணிபுரிந்தவர். நூல்முகப்பில் தம் சபையை அவர் 'கொம்பஞ்ஞிய தெ சேசூ' என்றே குறித்தார். இது போர்த்துக்கீசியப் பெயரின் ஒலிபெயர்ப்பு. இறைவனைக் குறிக்கத் 'தம்பிரான்' என்னும் தமிழ்ச்சொல்லைத் துணிந்து ஆண்டவர், தம் சபைப்பெயரை மட்டும் பெயர்க்காது விட்டமை ஏன்?

இதற்கு விடை அச்சபையின் தோற்றத்திலேயே உளது எனக் கருதுகின்றோம். 1534 ஆகஸ்டு 15ஆம் நாள் பாரிசு நகரத்து மொன்மார்த்தர் குன்றில் இஞ்ஞாசியாரும் தோழர் அறுவரும் நோன்பு பூண்டனர். அறுவருள் சவேரியாரும் ஒருவர். தமக்கு இயேசுவையன்றித் தலைவர் இலர் என்று கருதி, 1537 அளவில் அப்பெயரைத் தேர்ந்தனர். இஞ்ஞாசியார் முன்னாளில் போர்மறவராய் இருந்தமையின் 'கொம்பஞ்ஞி' படைப்பிரிவையே சுட்டும் என்பாருளர். அஃது அத்துணைப் பொருத்தமன்று. அக்கால இத்தாலியில் பக்திக் குழுக்களும் அப்பெயரால் வழங்கின. ஒருங்கிருந்து அப்பம் உண்போர் என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள். அவர்தம் வாழ்வில் அடைத்த மடமில்லை, கூடிப்பாடும் நாட்கடன் இல்லை, தனியுடையும் இல்லை. ஆதலின் 'மடம்' என்னும் சொல் அவர்க்குப் பொருந்தாது. பொருத்தமான பிறிதொரு சொல் அண்டிரிக் அடிகளார்க்குக் கிட்டவில்லை போலும்.

மூன்றாம் பவுல் பாப்பரசர் சபைக்கு ஒப்புதல் அளித்தது 1540 செப்டம்பர் 27இல். சவேரியாரோ அவ்வாண்டு மார்ச்சிலேயே உரோமையை விட்டுப் புறப்பட்டுவிட்டார். 1542இல் அவர் இத்துறையை அடைந்தபொழுது சபைக்கு அகவை இரண்டே.

பின்னர் அவ்வேர்ச்சொல்லே 'கும்பினி' என வணிகர் வாயிலாக மறுமுறையும் தமிழகம் புகுந்தது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், அவர்க்குப்பின் ஆங்கிலரும் முத்துக்குளிப்பில் பங்கு கொண்ட கும்பினியாரே. இடையில், 1773இல் கலைக்கப்பெற்ற சபை 1814இல் மீண்டும் நிறுவப்பெற்றது. 1838இல் பிரெஞ்சு நாட்டு அடிகளார் மதுரை மறைப்பணிக்கு வந்தனர். அவர்கள் அண்டிரிக் அடிகளாரின் பழம்பெயரைச் சொல்லிக்கொண்டு கரையிறங்கியிருப்பின், முத்துக்கு வரி தண்ட வந்தவர் என்றே பரதவர் கொண்டிருப்பர்.