நிரலுக்கு உரை சொல்லும் தொகுப்பி

கணிப்பொறிக்காக எழுதப்படும் நிரல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு வகை வாசகங்கள் இருக்கும். ஒன்று பொறிக்கு உரிய கட்டளை. மற்றொன்று அதைப் படிக்கப்போகும் மனிதருக்கு உரிய குறிப்பு. நிரலைப் பொறிமொழிக்கு மாற்றித் தரும் தொகுப்பி, அதாவது கம்பைலர், முதல் வகையைத்தான் மதிக்கும். குறிப்புகளை வெற்றிடமாகக் கருதித் தள்ளிவிட்டு மேலே செல்லும்.

இதனால் விளையும் தொல்லையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கடனுக்கு வட்டி கணக்கிடும் ஒரு செயற்கூறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'விகிதம் என்பது ஆண்டு வட்டி' என்று அதன் தலையில் குறிப்பு உள்ளது. சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் வந்து கணக்கை மாத வட்டிக்கு மாற்றுகிறார். குறிப்பை மாற்ற மறந்துவிடுகிறார். தொகுப்பி முணுமுணுக்காமல் நிரலை ஏற்றுக்கொள்ளும். குறிப்பை நம்பி, 12 விழுக்காடு என்று ஆண்டு வட்டியைக் கொடுப்பவரின் கணக்கில் அது மாத வட்டியாகிவிடும். பொய் சொல்லும் குறிப்பைவிடக் குறிப்பே இல்லாதது மேல் அல்லவா?

மூலத்தையும் உரையையும் ஒரே ஏட்டில் வைத்துவிட்டால் இந்தப் பிளவு குறையும் என்று எண்ணியவர்களில் டொனால்ட் நூத் முதன்மையானவர். 1984இல் அவர் 'வெப்' என்னும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். (இன்றைய வலைத்தளங்களுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.) விளக்கமும் கட்டளையும் கலந்த ஒரே கோப்பிலிருந்து, 'டாங்கிள்' என்ற கருவி பாஸ்கல் மொழி நிரலைப் பிரித்தெடுக்கும்; 'வீவ்' என்ற கருவி அச்சிடத் தகுந்த நூலைத் தரும். தம்முடைய 'டெக்' அச்சுக்கோப்பு நிரல் முழுவதையும் அவர் இவ்வாறே எழுதி, 1986இல் புத்தகமாகவும் வெளியிட்டார். அருமையான முறைதான். ஆனால் நூத்தைப் போல எழுதுவதற்கு நூத்தின் பொறுமையும் வேண்டும். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

சாதாரண நிரலருக்கு உகந்த வழியைக் காட்டியது ஜாவா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட முதல் ஜாவாத் தொகுதியிலேயே 'ஜாவாடாக்' என்னும் கருவி இடம்பெற்றிருந்தது. ஒரு சாய்கோட்டையும் இரண்டு உடுக்குறிகளையும் இட்டுத் தொடங்கும் குறிப்பு எதுவோ அதை இக்கருவி எடுத்துக்கொள்ளும். இதன் சூட்சுமம் என்ன தெரியுமா? இது தொகுப்பியின் முன்பாதியையே பயன்படுத்துகிறது. செயற்கூறுகளின் உட்பகுதியை விட்டுவிட்டு, அவற்றின் பெயர், பெறும் மதிப்புகளின் வகை, எந்த வகுப்பு எதன் வாரிசு ஆகிய அறிவிப்புகளை மட்டும் தொகுப்பி அலசித் தரும். ஆகவே வகைகளையும் உறவுகளையும் மனிதர் கையால் எழுத வேண்டியதில்லை. எழுதாதபோது அவற்றில் தவறும் நேராது.

1997இல் வெளிவந்த 'டாக்சிஜன்' வேறு வழியில் சென்றது. பல மொழிகளுக்குப் பொதுவான கருவியாதலால், தானே மூலத்தைப் படிக்கும் பகுதியைக் கட்டிக்கொண்டது. பயனுள்ள கருவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் சி++ போன்ற சிக்கலான மொழியைத் தொகுப்பிக்கு வெளியே நின்று புரிந்துகொள்வது எளிதன்று. மொழி வளரும்போதெல்லாம் அந்தப் படிக்கும் பகுதியும் வளர வேண்டும்.

1998 இறுதியில் ஜாவாவின் 1.2ஆம் பதிப்பு ஒரு முக்கியமான மாற்றத்தைக் கொண்டுவந்தது. தகவலைத் திரட்டும் வேலையும் பக்கமாக வடிக்கும் வேலையும் பிரிக்கப்பட்டன. திரட்டிய தகவலை 'டாக்லெட்' என்னும் சிறு நிரலிடம் கொடுத்தால், அது வேண்டிய வடிவில் வெளியிடும். ஆனால் அந்தத் தகவல் அமைப்பு, தொகுப்பியின் அமைப்பிலிருந்து தனித்து நின்றது. மொழிக்குப் புதிய கூறு வந்தால் இரண்டு இடத்திலும் திருத்த வேண்டியிருந்தது. 2017இல் வந்த 9ஆம் பதிப்பில்தான், தொகுப்பி பயன்படுத்தும் அதே பொது அமைப்பின்மேல் டாக்லெட் மீண்டும் கட்டப்பட்டது.

இதற்கிடையே, 2014இல் 8ஆம் பதிப்பு குறிப்புகளையே சோதிக்கத் தொடங்கியது. இல்லாத அளவுருவின் பெயரைக் குறிப்பில் எழுதியிருந்தால் பிழை என்று நிறுத்திவிடும். நல்லதுதானே என்பீர்கள்! ஆனால் பக்கக் குறிகளை இலக்கணம் பிசகி எழுதியதற்கும் அதே தண்டனை. அதுவரை ஓடிய பல திட்டங்கள் தடைப்பட்டன. சோதனையையே அணைத்துவிட்டவர்கள் பலர். கண்டிப்பு மிகுந்தால் பயன் குறையும் என்பதைக் கருவி செய்வோர் முன்பே எண்ணியிருக்கலாம்.

நம் வட்டிக் கணக்குக்கு வருவோம். அளவுருவின் பெயர் 'ஆண்டுவிகிதம்' என்பதிலிருந்து 'மாதவிகிதம்' என மாறியிருந்தால் இந்தச் சோதனை பிடித்துவிடும். வெறும் 'விகிதம்' என்றே இருந்தால் பிடிக்காது. பொருளைச் சோதிக்க வேண்டுமானால் குறிப்பில் உள்ள உதாரணத்தை இயக்கிப் பார்க்க வேண்டும். பைத்தான் மொழியில் 2001 முதலே இதற்கு 'டாக்டெஸ்ட்' உண்டு. ரஸ்ட் மொழியின் ஆவணக் கருவியும் குறிப்பிலுள்ள உதாரணங்களைத் தொகுத்து ஓட்டிப் பார்க்கிறது. ஜாவாவில் 2022இன் 18ஆம் பதிப்பு, உதாரணத்தைத் தனிக் கோப்பில் வைத்துச் சோதித்து, ஆவணத்தில் பொருத்த வழிசெய்தது.

ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்விஃப்ட் மொழி பக்கம் தயாரிக்கும் பொறுப்பைத் தொகுப்பியிடமிருந்து முற்றிலும் விலக்கிவைத்தது. அதன் தொகுப்பி வெளியிடுவது ஒரு தகவல் வலை. ஒவ்வொரு பெயரும் ஒரு கணு. 'இதன் உறுப்பு', 'இதன் வாரிசு' என்னும் உறவுகள் கணுக்களை இணைக்கும் கோடுகள். குறிப்பின் ஒவ்வொரு வரியும் மூலக் கோப்பில் எங்கே இருந்தது என்பதும் அதில் பதிவாகும். ஆகவே பிழை தென்பட்டால் சரியான வரியைச் சுட்ட முடியும். 2021இல் வந்த 'டாக்சி' என்னும் கருவி இந்த வலையைப் படித்துப் பக்கங்களாக்குகிறது.

ஜாவாவும் ஓயவில்லை. உடுக்குறியும் சாய்கோடும் அடுத்தடுத்து வந்தால் பழைய வகைக் குறிப்பு அங்கேயே முடிந்துவிடும். எனவே அந்த இரு குறிகளும் சேர்ந்து வரும் கோப்புப்பெயர் வடிவங்களை உதாரணமாக அப்படியே எழுத இயலாமல் இருந்தது. 2024இல் வந்த 23ஆம் பதிப்பு மூன்று சாய்கோடுகளில் தொடங்கும் குறிப்பை அனுமதித்தது. அதில் வரிதோறும் சாய்கோடுகள் இடப்படுவதால், முடிக்கும் குறி தேவைப்படுவதில்லை.