கணையாழியும் கல்லும்: மணவுறுதி மோதிரத்தின் வரலாறும் மலைநாட்டு வாழ்வும்

நுவரெலியாவிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பெருவழியில், ஹக்கலைப் பூங்காவை அடைவதற்கு முன்னர், ஓர் ஓடைக்கரையில் சீதையம்மன் ஆலயம் அமைந்துள்ளது. பிராட்டி சிறையிருந்த அசோகவனம் இதுவே என்பது வழிவழி வந்த நம்பிக்கை. சீத்தா எலிய என்னும் ஊர்ப்பெயரும் அந்நம்பிக்கையோடு ஒட்டியதே. இராமபிரானின் கணையாழியை அனுமன் பிராட்டியிடம் கொடுத்ததும், பிராட்டி தன் சூடாமணியை அவன் கையில் அளித்ததும் அவ்வனத்திலேயே நிகழ்ந்தன. அக்கணையாழியைப் பற்றி வான்மீகம் எடுத்துச் சொல்லும் சிறப்பு, அதில் இராமனின் பெயர் பொறித்திருந்தது என்பதே. அதன் பெருமை விலையில் இல்லை. இன்னார் அனுப்பியது என்று காட்டும் அடையாளத்திலேயே இருந்தது.

அதே மலைநாட்டில் இக்காலத்து இளைஞர் பலர், மணம் பேசி முடிந்ததும் நகைக்கடைக்குச் சென்று வைர மோதிரம் தேடுகின்றனர். கையில் உள்ள பணம் போதாதவிடத்துத் தவணைக்கும் கடனுக்கும் உடன்படுகின்றனர். மணவுறுதிக்கு வைரமே உரியது என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? தமிழர் வழக்கிலும், இலங்கை மண்ணிலும், பெருந்தோட்ட வாழ்விலும் அதற்கு வேர் உண்டா? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடை அறியத்தக்கது.

மோதிரத்தின் தோற்றம்

மணம் உறுதி செய்யப்பட்ட பெண்ணுக்கு மோதிரம் அனுப்பும் வழக்கம் பண்டை உரோமரிடம் இருந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, தம் காலத்தும் அது கல் பதிக்காத இரும்பு மோதிரமாகவே இருந்தது என்று குறித்துள்ளார். செல்வத்திற் சிறந்த உரோமர் இதற்கு இரும்பைப் போதுமானதாகக் கொண்டமை சிந்திக்கத்தக்கது. வைர மோதிரத்துக்கு முன்மாதிரியாகப் பலரும் காட்டுவது, 1477ஆம் ஆண்டு ஒஸ்திரிய இளவரசர் மக்சிமிலியன் பர்கண்டி நாட்டு மேரிக்கு அளித்த மோதிரமாகும். ஆயினும் அது அரச குடும்பத்தின் ஆடம்பரமேயன்றிக் குடிமக்களின் வழக்கமன்று.

தமிழர் மரபில் மணவுறுதி என்பது நிச்சயதாம்பூலமே. வெற்றிலை பாக்கு மாற்றுதலும் பரிசம் போடுதலும், பெரியோர் கூடிய அவையில் சொன்ன சொல்லுமே அதற்குச் சான்று. மணத்தின் சின்னம் தாலி. இவ்விரண்டிலும் வைரத்துக்கு இடமில்லை. எனினும் தமிழர் வைரத்தை அறியாதவரல்லர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் இரத்தினக் கடைத்தெருவை வருணிக்கையில், காக்கையின் அடிபோன்ற கீறல், கறை, புள்ளி, கோடு ஆகிய குற்றங்கள் நீங்கிய வைரத்தைப் பேசுகின்றது. வைரத்தின் தரத்தை நான்கு வகையால் அளக்கும் இக்கால முறை அமெரிக்க இரத்தினவியலாரால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வகுக்கப்பட்டது. குற்றம் ஆய்ந்து கல் தேரும் அறிவோ தமிழகத்தில் பல நூற்றாண்டு பழையது.

அங்ஙனம் தேர்ந்த வைரத்தைத் தமிழ்ப் பெண்டிர் காதிலும் மூக்கிலும் அணிந்தனர். ஏழுகல் தோடும் எட்டுக்கல் பேசரியும் வசதி படைத்த குடும்பங்களில் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றவை. நகைக்கடைகளில் 'புளூஜாகர்' என்று போற்றப்படும் வைரத்தின் பெயர், தென்னாபிரிக்காவின் ஜாகர்ஸ்பொன்டெயின் சுரங்கத்தின் பெயரிலிருந்து பிறந்தது. விரலில் ஒற்றை வைரம் அணிந்து மணவுறுதியை அறிவிக்கும் வழக்கம் அப்பழைய மரபின் தொடர்ச்சியன்று, புறத்தேயிருந்து வந்தது.

வைரம் வணிகமான வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை உலகுக்கு வைரம் அளித்த நாடு பெரும்பாலும் இந்தியாவே. கிருஷ்ணை ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கள் கோல்கொண்டா வழியாக விற்பனைக்குச் சென்றன. பதினேழாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பிரெஞ்சு வணிகர் தவர்னியே, கொல்லூர்ச் சுரங்கத்தில் ஆண், பெண், சிறுவர் என ஏறத்தாழ 60,000 பேர் உழைத்தனர் என எழுதினார். ஆடவர் மண்ணை வெட்ட, பெண்டிரும் சிறுவரும் அதைச் சுமந்தனர். கல்லின் ஒளிக்குப் பின்னால் கூலி மக்களின் வியர்வை இருந்தமையை மலைநாட்டார்க்கு விளக்க வேண்டியதில்லை.

1720களில் பிரேசிலிலும், 1867இல் தென்னாபிரிக்காவிலும் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் கல் மிகுதியாகக் கிடைத்தமையால் விலை வீழும் என்ற அச்சம் தோன்றிற்று. 1888இல் செசில் ரோட்ஸ் முதலியோர் சுரங்கங்களை இணைத்து டி பியர்ஸ் நிறுவனத்தை அமைத்து, சந்தைக்கு வரும் கல்லின் அளவைத் தம் பிடிக்குள் கொணர்ந்தனர். அளவைக் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது. வாங்கும் விருப்பமும் வளரவேண்டும். அதன்பொருட்டு அந்நிறுவனம் அமெரிக்க விளம்பர நிலையமொன்றை அமர்த்திற்று. வைரம் என்றென்றைக்கும் உரியது என்னும் கருத்தமைந்த புகழ்பெற்ற வாசகம் 1947இல் அங்கு உருவாயிற்று. ஜப்பானில் 1967இல் நூற்றுக்கு ஐந்து மணமகளிர்க்கும் குறைவானவரே வைர மோதிரம் பெற்றனர். விளம்பரத்தின் பயனாக 1981அளவில் அத்தொகை அறுபதாக உயர்ந்தது. பதினான்கு ஆண்டுகளில் ஒரு நாட்டின் மணவழக்கே மாறியது எனின், தொன்மையெனத் தோன்றுவன யாவும் தொன்மையல்ல என்பது தெளிவு.

ஈழத்துக் கற்கள்

இரத்தினதீபம் என்று புகழப்பெற்ற இலங்கையின் மண் நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் வைடூரியத்துக்கும் பெயர்போனது; வைரத்துக்கன்று. 'மாத்தறை வைரம்' என்று ஐரோப்பியர் வாங்கிச் சென்ற கல்லும் உண்மையில் வைரமன்று. நிறமற்ற சேர்க்கன் என்னும் வேறு கல்லாகும். ஒளியில் வைரத்தைப் போன்றதாயினும் உறுதியில் அதற்கு ஈடாகாது. விளிம்புகள் எளிதில் சிதையும். பெயரை நம்பிக் கல் வாங்கலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

கண்டியரசில் கற்கள் மன்னனுக்கு உரியனவாயிருந்தன. அவ்வரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில், கற்கள் உள்ள இடங்களில் கூரிய கழுக்கள் நடப்பட்டிருந்தன என்றும், அவ்வழியே செல்வோர் அவற்றில் ஏற்றப்படுவர் என்பதற்கு அவை எச்சரிக்கை என்றும் எழுதினார். நுவரெலியாவிற் குடியேறிய ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர், அச்சுற்றுப்புற வெளிகளில் முற்காலத்தார் கல் தேடி அகழ்ந்த குழிகளைக் கண்டதாக 1855இல் வெளியான தம் நூலில் குறித்துள்ளார். இன்று தேயிலை போர்த்திய இம்மலைப்பகுதி ஒருகாலத்தில் கல் தேடிய நிலமாயிருந்தது.

1981இல் இங்கிலாந்து இளவரசர் சார்ள்ஸ் டயானாவுக்கு அளித்ததும், 2010இல் அவர்தம் மகன் வில்லியம் தம் மணமகளுக்கு அணிவித்ததும் வைரங்கள் சூழ்ந்த ஓர் இலங்கை நீலக்கல் மோதிரமே. உலகம் வியந்த அக்கல்லை இந்நாட்டுத் தமிழர் மணவுறுதிக்குத் தேர்வதில் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. சோதிட நூல் வழக்கில் நீலம் சனிக்குரியது, வைரம் சுக்கிரனுக்குரியது. சுக்கிரன் களத்திரகாரகன் ஆதலின் வைரம் இல்லறத்துக்கு உகந்தது என்ற எண்ணம் எளிதில் பரவிற்று. விளம்பரம் விதைத்த விருப்பத்துக்குப் பழைய நம்பிக்கை இவ்வாறு துணையாயிற்று எனலாம்.

மலைநாட்டு மகளிரும் பொன்னும்

1820களில் கோப்பிச் செய்கைக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதன் பின்னர் அதற்காகவும் தமிழகத்து மக்கள் இம்மலைகளுக்குக் கொணரப்பட்டனர். குடியிருந்த லயம் தோட்டத்துக்குரியது. காய்கறி பயிரிட்ட நிலமும் தோட்டத்துக்குரியது. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த துண்டுச்சீட்டு, 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை தொழிலாளியைத் தொடர்ந்தது. 1927ஆம் ஆண்டின் கூலிச் சட்டமும் பெண்ணுக்கு ஆணினும் குறைந்த கூலியையே விதித்தது. சமகூலி 1984இலேயே கிட்டியது. பெண் ஈட்டிய கூலியையும் கணவனோ தந்தையோ சென்று பெறும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது.

யாழ்ப்பாணத்தார்க்குரிய தேசவழமை மலைநாட்டார்க்குப் பொருந்தாது; நாட்டின் பொதுச் சட்டமே அவர்க்கு உரியது. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கும் உரிமையை 1923ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வழங்கிற்று. ஆயினும், வீடும் நிலமும் தனதல்லாத பெண்ணுக்குச் சட்டம் காக்கத்தக்க சொத்து யாது? காதிலிருந்த தோடும், மூக்குத்தியும், தாலிக்கொடியுமே. அவள் சேமிப்பும் அதுவே, காப்புறுதியும் அதுவே. பிள்ளைக்கு நோய் கண்டபோதும், பரீட்சைக்குக் கட்டணம் கட்ட வேண்டியபோதும் அத்தோடு அடகுக்கடைக்குச் சென்று, நற்காலம் வந்தபோது மீண்டது. மீளாத தோடுகளும் பல. மலைநாட்டில் முதன்முதல் எழுத்தறிந்த தலைமுறை பலவற்றின் கல்விக்கு முதல் அன்னையரின் நகையே.

1964 ஒக்டோபர் 30இல் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தது. குடும்பமொன்று கொண்டுசெல்லத்தக்க பணத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படலாகாது என அவ்வொப்பந்தத்தில் விதிக்கப்பட்டது. பல தலைமுறை உழைப்பை இத்தகைய கணக்கில் அடக்கித் தலைமன்னாரில் கப்பலேறியோர்க்கு, கையோடு கொண்டுசெல்லத்தக்க பொருளின் அருமை நன்கு விளங்கியிருக்கும். 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களில் இருப்பிடம் விட்டு ஓடியோர்க்கும் அவ்வாறே.

தேர்வுக்குரிய நெறி

இவ்வரலாற்றைக் கொண்டு வைர மோதிரத்தை நோக்குதல் வேண்டும். கடைக்காரர் கூறும் கரட் இருவகைப்படும். கல்லுக்கு அது எடை. ஒரு கரட் 200 மில்லிகிராம். பொன்னுக்கு அது மாற்று; 24 கரட் தூய பொன். கல்லை இறுகப் பிடித்தற்கு 22 கரட் பொன் மென்மையானது ஆதலின் வைர மோதிரம் பெரும்பாலும் 18 கரட் பொன்னிலேயே செய்யப்படும். அடகு வைக்கச் சென்றால் கல்லின் எடையைக் கழித்துப் பொன்னை மட்டுமே மதிப்பிடுவர். விற்கச் சென்றாலும் வைரத்துக்குக் கொடுத்த விலையில் ஒரு பகுதியே மீளும். ஆய்வுகூடத்திற் செய்த வைரங்கள் 1950கள் முதல் உருவாகி, அண்மை ஆண்டுகளில் மிக மலிந்தன. அவையும் வேதியியலால் வைரமே. அருமையால் வந்த விலை இனி எத்துணைக் காலம் நிற்கும் என்பது ஐயத்துக்குரியது.

வைரம் வாங்கலாகாது என்பது இதன் முடிபன்று. வசதியுள்ளார் விரும்பிய கல்லை, தரச்சான்றுடன் வாங்குதல் அவர்தம் உரிமை. நீலமோ வைடூரியமோ தேர்வார் இந்நாட்டு மண்ணின் பொருளையே அணிவர். கடன்பட்டு வைரம் வாங்குவதே ஆராயத்தக்கது. அக்கடனை அடைப்பவர் மணமகன் மட்டுமல்லர். மணத்தின் பின்னர் அவளும் சேர்ந்தே அடைக்கின்றாள். துண்டுச்சீட்டின் கடனிலிருந்து விடுபட ஒரு நூற்றாண்டு உழைத்த சமூகம், மணவாழ்வின் முதற்படியிலேயே வேறொரு சீட்டைத் தானே எழுதிக்கொள்ளுதல் முறையாகுமா? அளிக்கும் நகை அவளுடையதாய் நிற்குமா, இடர் வந்தபோது உதவுமா, கடனின்றி வந்ததா என்னும் மூன்றையும் இருவரும் கூடி ஆராய்ந்து தேர்வதே பொருத்தம். கல்லின் நிறமும் வெட்டும் அதன் பின்னர் ஆராயத்தக்கன.

சீத்தா எலியவிற் பிராட்டி பெற்ற கணையாழியில் ஒரு பெயர் இருந்தது. அப்பெயருக்குரியோன் சொன்ன சொல் இருந்தது. அவளும் வெறுங்கையோடு அனுமனை அனுப்பினாளல்லள். தன் சூடாமணியை அளித்தாள். மணவுறுதி என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் பெறும் பொருளன்று. இருவரும் ஒருவர்க்கொருவர் அளிக்கும் அடையாளம் என்பதே அவ்வனம் இன்றும் உணர்த்தும் உண்மையாகும்.