ஈசினோபில் குடல் நோய்களும் பெருங்குடல் புற்றுநோயும்

ஈசினோபில் குடல் நோய்கள் என்பன உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் ஆகியவற்றின் சுவரில் ஈசினோபில் எனப்படும் வெள்ளையணுக்கள் வேறு காரணம் ஏதுமின்றி அளவுக்கு மிஞ்சிக் குவிவதால் உண்டாகும் அரிய நோய்களின் தொகுதி ஆகும். பெருங்குடல் புற்றுநோய் உள்ளவர்களிடமும் இவ்வணுக்கள் சில வேளைகளில் மிகுந்து காணப்படும். குடற்புழுக்களும் இதே அடையாளத்தைத் தோற்றுவிப்பதால், கன்னியாகுமரி மாவட்டம் போன்ற ஈரமான வெப்பநிலப் பகுதிகளில் இம்மூன்றையும் பிரித்தறிவது எளிதன்று.

ஈசினோபில் அணுக்கள்

இயோசின் என்னும் சிவப்புச் சாயத்தை ஏற்கும் இவ்வணுக்களை ஜெர்மானிய அறிவியலாளர் பால் ஏர்லிக் 1879இல் விவரித்தார். ஒட்டுண்ணிப் புழுக்களை எதிர்ப்பதும் ஒவ்வாமையில் பங்கேற்பதும் இவற்றின் இயல்பு. நலமானவரின் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு இவை 500க்குக் குறைவாகவே இருக்கும். தமிழ்நாட்டில் 'ஈஸ்னோபீலியா' என்பது தும்மல், இருமல், மூச்சிரைப்பு ஆகியவற்றின் பெயராகவே வழங்குகிறது. உண்மையில் அது ஓர் இரத்தச் சோதனை முடிவே அன்றி, தனி நோய் அன்று.

குடலில் ஈசினோபில் குவிவதை 1937இல் கைசர் முதலில் பதிவு செய்தார். 1970இல் கிளைன் முதலானோர் பாதிக்கப்படும் அடுக்கைக் கொண்டு இதனை மூவகையாகப் பிரித்தனர். உட்படலம் பாதிக்கப்பட்டால் வயிற்றுப்போக்கும் இரத்தக்கசிவும், தசை பாதிக்கப்பட்டால் குடலடைப்பும், வெளியுறை பாதிக்கப்பட்டால் வயிற்றில் நீர்கோத்தலும் ஏற்படும். நலமான பெருங்குடலிலும் ஈசினோபில் உண்டு. வலப்பக்கத்தில் மிகுதி, மலக்குடலை நோக்கிச் செல்லச் செல்லக் குறைவு. எனவே திசு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை அறியாமல் எண்ணிக்கையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறாகும்.

புற்றுநோயுடன் தொடர்பு

ஈசினோபில் குடல் நோய் புற்றுநோயாக மாறும் என்று நிறுவப்படவில்லை. நெடுநாள் நீடிக்கும் புண்ணுள்ள பெருங்குடல் அழற்சி புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும். இது அத்தகையது அன்று. இரண்டும் ஒருவரிடமே காணப்பட்ட நிகழ்வுகள் தனித்தனி நோயாளர் அறிக்கைகளாகவே வெளிவந்துள்ளன.

மறுதலையாக, புற்றுக்கட்டியே ஈசினோபிலை வரவழைக்கலாம். சில கட்டிகள் இன்டர்லூக்கின்-5 போன்ற பொருள்களைச் சுரந்து எலும்பு மச்சையைத் தூண்டுகின்றன. அவ்வாறாயின் கட்டியை அகற்றியபின் இரத்த எண்ணிக்கை இறங்கும். மீண்டும் ஏறினால் நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கு ஒரு முரண் உண்டு. கட்டியைச் சுற்றியுள்ள திசுவில் ஈசினோபில் மிகுந்திருப்பது நல்ல விளைவுடன் தொடர்புடையது எனப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஆனால் கட்டியால் இரத்தத்தில் அது மிகுவது பெரும்பாலும் நோய் பரவியதன் அறிகுறியாகும்.

கன்னியாகுமரிச் சூழல்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. நாஞ்சில் நாட்டு வயல்களிலும் மேற்கே ரப்பர் தோட்டங்களிலும் ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோல் வழியே கொக்கிப்புழுவும் ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் புழுவும் உட்புகக்கூடும். கொக்கிப்புழு குடலில் இரத்தம் உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும், ஈசினோபிலும் ஏறும். வலப்பக்கப் பெருங்குடலில் வரும் புற்றும் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்து சோகையையே முதலில் காட்டும். ஆகவே பால்வெட்டுத் தொழிலாளி ஒருவருக்குச் சோகையும் ஈசினோபிலும் இருந்தால் புழு மருந்து கொடுப்பது முறையே. ஆனால் அதன் பின்னும் சோகை தீராத நடுவயதினரை இரும்புச்சத்து மாத்திரையுடன் அனுப்பிவிடுவது ஆபத்தானது. அவருக்குக் கொலோனோஸ்கோப்பி தேவை.

நெய்யூரில் இலண்டன் மிஷன் 1838இல் தொடங்கிய மருத்துவப் பணியில் 1920களில் சேர்ந்த எவரெஸ்ட் மலையேறி ஹோவர்டு சாமர்வெல், குடற்புண் அறுவைக்குப் பெயர் பெற்றவர். அவர் காலத்தில் வயிற்றைத் திறந்தே அறிய வேண்டியிருந்தவற்றை இன்று உள்நோக்கியால் காணலாம். ஆசாரிப்பள்ளத்தில் 2001இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும், எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் 1981இல் அமைந்த மண்டலப் புற்றுநோய் மையமும் இப்பகுதி மக்களுக்கு அருகில் உள்ளவை.

ஸ்டீராய்டும் புழுவும்

ஈசினோபில் குடல் நோய்க்கு உணவுக் கட்டுப்பாடும் ஸ்டீராய்டும் கொடுக்கப்படுகின்றன. புற்றுநோய் மருந்தேற்றும்போது வாந்தியைத் தடுக்கவும் ஸ்டீராய்டு உண்டு. ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் புழுவோ உடலுக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டுகள் தங்கவல்லது. ஸ்டீராய்டால் எதிர்ப்பாற்றல் குன்றும்போது அது உடலெங்கும் பரவி உயிரைப் பறிக்கலாம். அந்நிலையில் ஈசினோபில் உயராமலும் இருக்கலாம். ஒரு முறை மலம் சோதித்து இல்லை எனக் கொள்வது போதாது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் ஒற்றை மாத்திரை இப்புழுவை நம்பத்தக்க வகையில் அகற்றுவதில்லை. இதற்குரிய மருந்து ஐவர்மெக்டின் ஆகும்.